புதுப் பாட்டும் பழைய பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளில் திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கேசட் பதிந்து கொடுக்கும் வேலை பார்த்தேன். வருகிறவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு வரும் பாட்டுப் பட்டியலை அறுபது நிமிடக் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் அடக்கித் தர வேண்டும். பாட்டைப் பற்றிப் பேசும் பழக்கம் அங்கே பிடித்தது, இன்னும் விடவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் சிலர் கூடி, பழசும் புதுசுமாகக் கேட்கிறோம். அங்கேயும் சரி, கல்யாண வீடுகளிலும் சரி, என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பேச்சு தமிழ்த் திரைப்பாட்டைச் சுற்றியே இருக்கும். கொஞ்சம் தனியிசையும் வரும்.

1. இப்ப வர்ற பாட்டெல்லாம் ஒரே இரைச்சல். நிஜமாவே பாட்டு கெட்டுப் போச்சா, இல்ல எனக்கு வயசாயிடுச்சா?

பாட்டு மாறியிருக்கிறது. மாறியதில் சில இழப்புகள் உண்மையானவை. அவற்றை 6, 7, 8-ஆம் கேள்விகளில் மழுப்பாமல் பேசுகிறேன். ஆனால் மொத்தமாகக் கெட்டுப் போய்விட்டது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் மனதில் தங்குகிற பாட்டுகள் எனக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. வயது ஏறும்போது நாம் பாட்டுக் கேட்கும் விதம் மாறிவிடுகிறது. பதினெட்டு வயதில் ஒரு பாட்டு டீக்கடையில், டவுன் பஸ்ஸில், ஹாஸ்டலில், பக்கத்து வீட்டு ரேடியோவில் என்று நம்மைத் துரத்திக்கொண்டே வந்தது. கேட்காமல் தப்பிக்க வழியில்லை. நாற்பத்தைந்து வயதில் அதே ஆள் ஒரு புதுப் பாட்டைப் போனில் அரை நிமிடம் ஓடவிட்டு, வேறு ஏதோ யோசனையில் இருந்துகொண்டு, "நல்லால்ல" என்று முடித்துவிடுகிறார். பழைய பாட்டுக்குக் கொடுத்த நேரத்தில் கால் பங்கைக்கூட நாம் புதுப் பாட்டுக்குக் கொடுப்பதில்லை. நான் இங்கே சொல்லப் போவதில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான்.

2. எனக்கு மட்டும் ஏன் காலேஜ்ல கேட்ட பாட்டுதான் உசத்தியாத் தோணுது?

உங்களுக்கு மட்டுமில்லை. ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். முதல் காதல், முதல் சம்பளம், ஊரை விட்டுக் கிளம்பிய முதல் பயணம் எல்லாம் அந்த வயதில்தான். அப்போது காதில் விழுந்துகொண்டிருந்த பாட்டு அவற்றோடு சேர்ந்தே பதிந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாட்டுக் கேட்டு உடல் சிலிர்க்கும்போது மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரக்கிறது என்பதை மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். சிலிர்ப்பு வரப் போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அது சுரக்க ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் அதில் என்னை ஈர்த்த விஷயம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தப் புல்லாங்குழல் வரும் என்று தெரிந்து நாம் காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்பே இன்பம். முதல் தடவை கேட்கிற பாட்டில் எதற்காகக் காத்திருப்பது என்றே தெரியாது. அதனால் பழைய பாட்டோடு போட்டி போடப் புதுப் பாட்டால் முடிவதில்லை.

3. எல்லாம் இளமை ஞாபகம்தான்னா, நான் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு எனக்கு ஏன் பிடிக்குது? எனக்கு வயசு இருபத்திரண்டுதான்.

நல்ல கேள்வி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். இருபது வயதையொட்டியவர்களுக்குப் பல பத்தாண்டுகளின் பிரபல பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, தங்கள் பெற்றோர் இளமையில் கேட்ட காலத்துப் பாட்டுகளும் அவர்களுக்கு நெருக்கமாக இருந்தன. அதற்கும் முந்தைய அறுபதுகளின் பாட்டுகளிலும் அதே நெருக்கம் தெரிந்தது.

நம் வீடுகளில் இதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை. அப்பா சவரம் செய்யும்போது ஓடிய பாட்டு, இரவுப் பேருந்தில் டிரைவர் போட்ட பாட்டு, பாட்டி முணுமுணுத்தது எல்லாம் சிறு வயதிலேயே உள்ளே போய்விடுகின்றன. நீங்கள் பிறந்த ஆண்டு வேறு, உங்கள் காதுக்குப் பழக்கமான ஆண்டுகள் வேறு. இது தவிர, உங்கள் கைக்கு வந்து சேர்ந்த பழைய பாட்டுகள் ஏற்கனவே பலர் சலித்தெடுத்தவை. அதைப் பற்றி அடுத்த பதிலில்.

4. ஆனா அந்தக் காலத்துல எந்தப் பாட்டை எடுத்தாலும் நல்லா இருந்துச்சே?

எண்பதுகளில் ஆண்டுக்கு நூறு தமிழ்ப் படங்களுக்கு மேல் வந்தன. படத்துக்கு ஐந்து பாட்டு என்று வைத்தாலும் ஐந்நூறு. 1984-இல் வந்த பாட்டுகளில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தீவிர ரசிகரே ஐம்பதைத் தாண்டத் திணறுவார். மற்றவை எங்கே போயின?

எங்கள் கடை அலமாரியின் மேல்தட்டில் யாரும் கேட்காத கேசட்டுகள் வரிசையாக நின்றன. பெரிய இசையமைப்பாளர்களின் பெயர் போட்டவையும் அவற்றில் இருந்தன. சில நிஜமாகவே சுமாரானவை. சில நல்ல பாட்டுகள், படம் ஓடாததால் அமுங்கிப் போனவை. காலம் சலித்துவிட்டு மிச்சம் வைத்ததைத்தான் இன்று நாம் "அந்தக் காலத்துப் பாட்டு" என்கிறோம். புதுப் பாட்டு சலிக்காமல் அப்படியே வந்து விழுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதுசு தோற்றுத்தான் போகும்.

5. முன்னாடி யாராவது பாட்டை இப்படித் திட்டியிருக்காங்களா? இப்பதானே இந்தப் பேச்சு?

திட்டியது மட்டுமா, அரசாங்கமே வானொலியிலிருந்து தள்ளி வைத்தது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பினார். மேற்கத்திய வாத்தியமும் தாளமும் அதில் புகுந்துவிட்டன என்பது அவர் வருத்தம். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டு, பிறகு ஏறக்குறைய இல்லாமலே போனது. அதற்குப் பதிலாக வானொலி நிலையங்களே மெல்லிசைப் பாட்டுகளைத் தயாரித்துக் கொடுத்தன.

மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பும், எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரலும் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அப்படித்தான் நுழைந்தன. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி தொடங்கியது, திரைப்பாட்டும் இந்திய வானொலிக்குத் திரும்பியது. அன்றைக்குத் தரம் கெட்டது என்று ஒதுக்கப்பட்டவற்றில் ஜி. ராமநாதன், சி.ஆர். சுப்பராமன் போன்றவர்கள் போட்ட பாட்டுகளும் அடக்கம். இன்று அவற்றையே பொற்காலம் என்கிறோம். அந்த வானொலியில் ஆர்மோனியத்துக்கே 1940-இலிருந்து 1971 வரை தடை இருந்தது என்றால் இன்று பலர் நம்புவதில்லை.

நானே கண்ணால் பார்த்ததும் உண்டு. 1992-இல் ரோஜா வந்த பிறகு கடைக்கு வந்த பெரியவர்கள் பலர், "தபலா எங்கப்பா? மிருதங்கம் எங்கப்பா? வெறும் கம்ப்யூட்டர் சத்தம்" என்றார்கள். அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அதே வாக்கியத்தை அனிருத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: பழைய புகார் தப்பாக இருந்தது என்பதால் இன்றைய புகாரும் தப்பு என்று ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

6. பாட்டு வரி ஒண்ணுமே புரியல. இதையும் ஞாபகம், வயசுன்னு சொல்லிடுவீங்களா?

மாட்டேன். இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஐம்பதுகளின், அறுபதுகளின் பாட்டு யாருக்காகப் பதியப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், டூரிங் டாக்கீஸில் கேட்க வேண்டும், சின்ன ரேடியோவில் கேட்க வேண்டும். கூம்பு ஸ்பீக்கரில் கனத்த அடிநாதமும் வராது, மெல்லிய சலசலப்பும் வராது. நடுவில் இருக்கும் மனிதக் குரல்தான் தெளிவாக வரும். அதனால் குரலை முன்னால் நிறுத்தி, வாத்தியங்களைப் பின்னால் வைத்தார்கள். டி.எம். சௌந்தரராஜனின் ஒவ்வொரு எழுத்தும் வயல் தாண்டிக் கேட்டதற்கு அவருடைய உச்சரிப்பும் காரணம், இந்த ஏற்பாடும் காரணம்.

இன்று பாட்டு ஹெட்போனுக்கும் காருக்கும் தியேட்டரின் பெரிய ஸ்பீக்கருக்கும் கலக்கப்படுகிறது. குரலை மைக்குக்கு மிக அருகில் வைத்துக் கிசுகிசுப்பாகப் பதிகிறார்கள். பல பாட்டுகளில் குரலும் ஒரு வாத்தியம்தான். அதோடு எல்லா ஒலியையும் ஒரே அளவுக்கு உரக்கத் தூக்கி நிறுத்தும் பழக்கமும் உலகம் முழுக்க வந்துவிட்டது. மெதுவான இடமும் சத்தமான இடமும் ஒன்றாகிவிடும்போது காது சீக்கிரம் களைத்துப் போகிறது. "இரைச்சல்" என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தமிழ் தெரியாத பாடகர் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிப் பாடுவது தனிக் குறை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டு முடிவு கட்டாதீர்கள். சுமாரான ஹெட்போனாவது மாட்டிக்கொண்டு, வரிகளைக் கண் முன்னால் வைத்து ஒரு முறை கேளுங்கள். நா. முத்துக்குமார் 2016-இல் மறையும் வரை எழுதியவற்றில் பலவற்றை, புரியவில்லை என்று ஒதுக்கியவர்களே இப்படிக் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் பாராட்டிப் பேசியிருக்கிறார்கள்.

7. இன்டர்லூட் எங்க போச்சு? இரண்டு சரணம் எங்க போச்சு? தொடங்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடுது.

இதுவும் கற்பனை இல்லை. ஆனால் பாட்டின் நீளம் எப்போதும் அது வந்து சேரும் பொருளைப் பொறுத்தே இருந்திருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். ஐம்பதுகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறகு நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்தன, கேசட் வந்தது. எழுபதுகளின் பின்பாதியிலும் எண்பதுகளிலும் நாலரை, ஐந்து நிமிடப் பாட்டு இயல்பாயிற்று. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இன்டர்லூட்டை, முதலாவது ஒரு மாதிரி, இரண்டாவது முற்றிலும் வேறு மாதிரி என்று இளையராஜா கட்டியதெல்லாம் அந்த இடம் கிடைத்ததால் விரிந்தது.

இன்று பாட்டு மறுபடி மூன்று நிமிடத்துக்கு வந்துவிட்டது. படத்தில் கதாநாயகனும் நாயகியும் நின்று பாடுவது குறைந்து, காட்சித் துண்டுகளுக்குப் பின்னால் ஓடும் பாட்டுகள் கூடிவிட்டன. அங்கே இரண்டாவது சரணத்துக்கு வேலை இல்லை. ஸ்பாட்டிஃபை முப்பது வினாடி கேட்டாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் எடுக்கிறது. ஆகவே பிடிக்க வேண்டிய இடத்தை முன்னாலேயே வைக்கிறார்கள். ரீல்ஸ் வந்த பிறகு அந்தப் பிடி இன்னும் சுருங்கிவிட்டது. இதில் நாம் இழந்தது பெரிசு என்றே நினைக்கிறேன். பல்லவியிலிருந்து விலகி, எங்கேயோ சுற்றி, சரணத்தின் கடைசி வரியில் திரும்ப வந்து சேரும் அந்தப் பயணம் மூன்று நிமிடத்தில் கடினம். அறுபதுகளில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அதே மூன்று நிமிடத்தில் அதைச் செய்து காட்டினார்கள் என்பதால், முடியாது என்றும் சொல்ல மாட்டேன்.

8. கம்ப்யூட்டர்ல தட்டிப் போடற பாட்டுல எப்படி உயிர் இருக்கும்?

1986-இல் புன்னகை மன்னன் படத்துக்கு இளையராஜாவே கணினி இசையைப் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் தீம் இசையைக் கேட்டு உயிரில்லை என்று சொன்னவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. கருவி எது என்பது பிரச்சினையே இல்லை.

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு ஒரே கூடத்தில் வாத்தியக் குழு முழுவதும் உட்கார்ந்து, பாடகர்களும் கூடவே பாடி, ஒரே மூச்சில் பதிந்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டபடி வாசித்ததால் வேகம் இம்மியளவு கூடிக் குறைந்து, பாட்டு மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக, சில சமயம் தனித்தனி ஊரில் பதிகிறார்கள். சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் 1997-இல் வந்தது. அதை அளவு தெரியாமல் போட்டால் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் நெளிவை நேர்க்கோடாக்கிவிடும். அப்படி வழித்தெடுத்த குரலை என்னாலும் கேட்க முடிவதில்லை. ஆனால் அதே தனித்தனிப் பதிவு முறையால்தான், கூடத்தில் வைத்தால் மற்ற வாத்தியங்களில் மூழ்கிவிடும் ஒரு மெல்லிய கிதாரின் விரல் சத்தம் வரைக்கும் இன்று கேட்கிறோம்.

9. ராஜாவா, ரஹ்மானா? இதை மட்டும் சொல்லிடுங்க.

இரண்டு பேரும். இந்தக் கோஷ்டிச் சண்டை ரசிகர்களுடையது, கலைஞர்களுடையது இல்லை. ரஹ்மான் சிறுவயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இளையராஜா, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் 1986-இல் மெல்லத் திறந்தது கதவு படத்துக்குச் சேர்ந்தே இசையமைத்தார்கள். புதுசு பழசிடம் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. அன்னக்கிளி 1976, ரோஜா 1992: நடுவில் இருப்பது பதினாறே ஆண்டுகள். ரோஜாவுக்குப் பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ரஹ்மானை இன்னும் "புதுசு" பக்கம் நிறுத்துவதே காலக்கணக்கில் பொருந்தாது.

10. ஒரு புதுப் பாட்டை எத்தனை தடவை கேட்டா பிடிக்கும்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டாலே ஒரு பொருள் நமக்குப் பிடிக்க ஆரம்பிக்கிறது என்பதை ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே காட்டியிருக்கிறார். இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதல் தடவையே குமட்டிய பாட்டு, பத்தாவது தடவை இன்னும் குமட்டும். அளவுக்கு மீறிக் கேட்டால் பிடித்ததும் திகட்டும். "பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை" என்று நடுவில் நிற்கும் பாட்டுகளுக்குத்தான் மறுபடி கேட்பது பலன் தரும். நல்ல பாட்டுகளில் பெரும்பகுதி முதல் முறை இந்த நடுவில்தான் நிற்கும்.

நான் சொல்லும் வழி இது: வீடியோ வேண்டாம், காட்சி வந்தால் காது பாதி வேலையை விட்டுவிடும். ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் நடைப்பயிற்சியிலோ சமையலறையிலோ அதை மட்டும் ஓடவிடுங்கள். கவனமாகக் கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. டீக்கடைப் பாட்டை நாம் என்ன கவனமாகவா கேட்டோம்? வார முடிவில் எந்த வரியை வாய் தானாக முணுமுணுக்கிறது என்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.

11. கேக்கலாம்தான், எதைக் கேக்கறது? ஆப்பைத் திறந்தா நான் ஏற்கனவே கேட்ட பாட்டையே போடுது.

ஆமாம், நீங்கள் கேட்டதை வைத்துத்தான் அடுத்ததைத் தருகிறது. அதை நம்பினால் ஒரே தெருவில் சுற்ற வேண்டியதுதான். பழைய பாட்டில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று முதலில் யோசியுங்கள், அதைப் புதுசில் தேடுங்கள்.

வயலினும் தந்தி வாத்தியங்களும் சூழ்ந்து வரும் மெட்டு பிடிக்குமென்றால், 2018-இல் கோவிந்த் வசந்தா இசையில் வந்த '96' படத்திலிருந்து தொடங்கலாம். அந்தப் படத்தில் இளையராஜாவின் பழைய பாட்டுகளை நாயகி பாடுகிறாள், புதுப் பாட்டுகளும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் ஒரே கதைக்குள் உட்காருவதை நான் பலமுறை ரசித்திருக்கிறேன். கிராமத்துக் குரல்தான் உயிர் என்றால், சந்தோஷ் நாராயணன் 2021-இல் கர்ணன் படத்தில் கிடாக்குழி மாரியம்மாளைப் பாட வைத்ததைக் கேளுங்கள். அந்தக் குரலை எந்த மென்பொருளும் வழித்தெடுக்கவில்லை. கர்நாடக இசையின் சாயலோடு இதமான மெட்டு வேண்டுமானால் ஷான் ரோல்டன் (ஜெய் பீம், குட் நைட்), பிரதீப் குமார் என்று தேடுங்கள். கானாவும் பறையும் பிடித்தவர்கள், 2018-இல் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவைக் கேட்கலாம். தீ, அறிவு என்ற இரண்டு பாடகர்கள் 2021-இல் பாடிய என்ஜாய் எஞ்சாமியை ஆட்டப்பாட்டு என்று தள்ளியவர்கள், நடுவில் ஒப்பாரி வரும் இடத்தை மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

12. ரீமிக்ஸ் கேட்டா எரிச்சலா வருது. நான் பழமைவாதியா?

இல்லை. 1964-இல் வந்த ஒரு மெட்டு 2004-இல் நியூ படத்தில் வேறு உடையில் வந்தது, 1970-இன் ஒரு பாட்டு 2007-இல் அழகிய தமிழ் மகனில் வந்தது. இரண்டுக்கும் ரஹ்மான்தான். சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பழைய பாட்டை அப்படியே முழுசாகப் பயன்படுத்துவதுதான் பிடிக்கிறது. 1991-இன் குணா படப் பாட்டு 2024-இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படத்தில் ஒலித்தபோது, தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இருபது வயதுப் பிள்ளைகள் கூடவே பாடினார்கள். அதே ஆண்டில் லப்பர் பந்து, 1989-இன் பொன்மனச் செல்வன் பாட்டு ஒன்றை மறுபடி ஊர் முழுக்க ஒலிக்க வைத்தது. 4-ஆம் பதிலில் சொன்ன சல்லடையில் விழுந்து மறந்துபோன பாட்டுக்கும் இப்படி மறுவாழ்வு கிடைக்கலாம்.

13. என் பையன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு என்ன கேக்கறான்னே தெரியல. கேட்டா "உங்களுக்குப் புரியாதுப்பா"ங்கறான்.

"உங்களுக்குப் புரியாது" என்று சொல்லும் பிள்ளை, ஏற்கனவே நாலு தடவை "இதெல்லாம் ஒரு பாட்டா" என்ற பேச்சைக் கேட்டிருக்கும். முதலில் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும். பிறகு, காரிலோ பைக்கில் போய் இறங்கும் இடத்திலோ ஒரு ஏற்பாடு: அவன் ஒரு பாட்டு, நீங்கள் ஒரு பாட்டு. முழுசாக ஓட வேண்டும், நடுவில் விமர்சனம் கூடாது. முடிந்ததும் "இதில் உனக்கு எந்த இடம் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் உங்களை வியக்க வைக்கும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவருடைய பதினைந்து வயது மகள், ஒரு பாட்டில் டிரம்ஸ் அரை நொடி தாமதித்து விழுவதைத் தொடையில் தட்டிக் காட்டினாள். அதுவரை எங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

உங்கள் முறை வரும்போது, "அந்தக் காலத்தில்..." என்று முன்னுரை சொல்லாமல் பாட்டைப் போடுங்கள். பாட்டின் பின்கதை ஏதாவது இருந்தால், உங்கள் அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஓடியது என்பது மாதிரி, அதைச் சொல்லலாம். பிள்ளைகளுக்கு ரசனைப் பாடம்தான் கசக்கும், கதை கசக்காது. அவன் தமிழே இல்லாமல் கொரியப் பாட்டுக் கேட்கிறான் என்றாலும் இதே ஏற்பாடுதான். இந்தி புரியாமல் இந்திப் பாட்டு கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது.

14. பழைய பாட்டு கேட்டா அழுகை வருது. அம்மா ஞாபகம் வருது. இதையெல்லாம் விட்டுட்டுப் புதுசு கேக்கணும்னு சொல்றீங்களா?

இல்லவே இல்லை. அம்மாவின் நினைவு ஒரு பாட்டில் இருக்கிறது என்றால் அந்தப் பாட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி. பாலசுப்ரமணியம் மறைந்தபோது, சொந்தத்தில் ஒருவரை இழந்த மாதிரி எத்தனையோ வீடுகளில் அழுதார்கள். அவருடைய குரலோடு தங்கள் வாழ்க்கையின் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இருந்தன. பேர், ஊர் எல்லாம் மறந்துபோன முதியவர்கள்கூடப் பழைய பாட்டின் பல்லவியைத் தப்பில்லாமல் பாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு பாட்டு உங்களுக்கு இருக்கும்போது, அதைப் புதுப் பாட்டோடு ஒப்பிடாதீர்கள். அது இரண்டுக்கும் நியாயமில்லை. இந்த ஆண்டு வந்த பாட்டில் உங்கள் அம்மா எப்படி இருப்பார்? அது இன்றைய உங்கள் வாழ்க்கைக்கு வந்தது. பேரக்குழந்தையைத் தூங்க வைக்கும்போது ஓடினால், இருபது ஆண்டு கழித்து அதற்கும் ஒரு நினைவு சேர்ந்திருக்கும்.

15. எல்லாத்தையும் ஞாபகம், பழக்கம்னு விளக்கிட்டீங்க. அப்போ இசையில தரம்னு ஒண்ணு கிடையாதா? எல்லாம் அவங்கவங்க ரசனைதானா?

இந்தக் கேள்வியோடுதான் எங்கள் கூட்டத்தில் சண்டை சூடாகும். தரம் உண்டு என்பதே என் பதில். நினைவும் பழக்கமும் தரத்தை மறைக்கும், அல்லது இல்லாத தரத்தைக் காட்டும். ஆனால் தரமே இல்லை என்று ஆக்கிவிடாது. நான் பார்ப்பது சில விஷயங்கள். வாத்தியம் ஏதும் இல்லாமல் வாயால் முணுமுணுத்தால் மெட்டு நிற்கிறதா? வரிகளைப் பாடாமல் படித்தால் அர்த்தமும் அழகும் மிஞ்சுகிறதா? இன்னொரு படத்தில் தூக்கி வைத்தாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாத பாட்டா, இல்லை இந்தக் கதைக்கே பிறந்ததா? பலமுறை கேட்ட பிறகும் புதிதாக ஏதாவது காதில் விழுகிறதா? எல்லாப் பாட்டுக்கும் எல்லா அளவுகோலும் பொருந்தாது. ஆடுவதற்குப் போட்ட பாட்டின் வரியைப் படித்துப் பார்ப்பது வீண், அதன் தாளம் காலை அசைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒப்பிடுவதானால் சம அளவில் ஒப்பிடுங்கள். முப்பது ஆண்டில் வந்ததில் சிறந்த ஐம்பதை எடுத்து வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வந்த படத்தோடு மோதவிடாதீர்கள். 1986 என்ற ஒரு ஆண்டின் மிகச் சிறந்த ஐந்து, இந்த ஆண்டின் மிகச் சிறந்த ஐந்து என்று எடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஆண்டு முடிவில் இதைச் செய்கிறோம். பழைய ஆண்டைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். மெட்டிலும் இன்டர்லூட்டிலும் எண்பதுகளின் ஆண்டுகள் அநேகமாக ஜெயித்துவிடுகின்றன. ஒலியின் நுணுக்கத்திலும், யார் பாடலாம், எதைப் பற்றிப் பாடலாம் என்ற விரிவிலும் புது ஆண்டுகள் ஜெயிக்கின்றன. வரிகளில் ஒவ்வொரு முறையும் முடிவு மாறுகிறது. நீங்களும் செய்து பார்ப்பதானால், இந்த ஆண்டின் ஐந்தை வீட்டில் இருக்கும் சின்னவர்களிடம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய ஐந்தை நீங்கள் எடுங்கள். கேட்கும் வரை யாரும் பட்டியலை யாருக்கும் காட்ட வேண்டாம்.